ஜாம் போத்தலிலிருந்து மாடிப்படி விளக்கு வரை

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் மீனவக் கிராமம் கொக்கிளாய். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் 1984 டிசெம்பரில் வெளியேற்றப்பட்டன. 2009இல் போர் முடிந்த பின்னரே அவர்களால் மீளத் திரும்ப முடிந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பலர் வன்னியின் உட்பகுதிகளிலும், சிலர் கடல்கடந்த தொடர்மாடிகளிலும் வாழ்ந்தனர். அவசர விளக்கின் வரலாற்றை எழுத முனையும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மக்களே.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, பற்றரிகள் தடைசெய்யப்பட்டன. அப்போது பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் சிறிதளவு எண்ணெய், மெல்லிய நூல்திரி. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்தது. வெளிச்சம் சொற்பம்; ஆனால் நெடுநேரம் நின்றது. ஒரு தலைமுறை அதில்தான் படித்தது.

தெற்கில் இதே போத்தல் விளக்குக்கு வேறொரு முகம் இருந்தது. உயரமான போத்தல்கள் சரிந்து பலர் தீக்காயமடைந்தனர். இதைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, பாரமான, பக்கம் தட்டையான, திருகு மூடியுடைய விளக்கை 1992இல் வடிவமைத்தார். சரிந்தாலும் உருளாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

எவ்வளவு நேரம் எரியும், விபத்தின்போது என்ன ஆகும் என்ற இவ்விரு கேள்விகளும் பொது மாடிப்படிக்கும் பொருந்தும். 1993இல் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது மின்சாரம் அறுந்தது. ஆயிரக்கணக்கானோர் இருளிலும் புகையிலும் படியிறங்கினர். அதன்பின் அங்கே பற்றரி விளக்குகளும், படி விளிம்பிலும் கைப்பிடியிலும் ஒளிரும் பூச்சும் வந்தன. புகை மேலே திரண்டு கூரை விளக்கை மறைக்கும். தாழ்வாக ஒளிரும் கோடே அப்போது வழிகாட்டும். 2004இல் அந்நகரம் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு இதைச் சட்டமாக்கியது. ஆயினும் இப்பூச்சு தானாக ஒளிராது. வழமையான விளக்கொளியை முன்னரே உறிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே தொடர்மாடிக்கு விளக்குத் தெரிவு செய்வோர் விலையை மட்டும் பார்க்கலாகாது. மின்சாரம் நின்றதும் அது தானாக எரிய வேண்டும். பிரித்தானிய நியமப்படி வெளியேறும் வழியில் குறைந்தது 1 லக்ஸ் ஒளி தேவை. மக்கள் உறங்கும் கட்டடங்களில் பொதுவாக 3 மணிநேரம் தாங்க வேண்டும். மாதம் ஒருமுறை சிறு சோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை முழுநேரச் சோதனையும் அவசியம்.

இந்தச் சோதனையில்தான் பெரும்பாலான குடியிருப்புகள் தவறுகின்றன என்பது என் எண்ணம். ஜாம் போத்தலில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாடிப்படி விளக்கோ எல்லோருக்கும் பொதுவானது. அதனாலேயே யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அதன் பற்றரி செத்துப்போன செய்தி, இருள் வந்த பிறகே தெரியவரும். உங்கள் கட்டடத்தில் அதைக் கடைசியாகச் சோதித்தவர் யார் என்று இன்றே விசாரியுங்கள்.