சும்மா கிடக்கும் கணினியை அறிவது எப்படி?

ஆளில்லா நேரத்தில் கணினியின் திறனைக் கடன் வாங்கும் முறையை 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் காண்டோர் மென்பொருள் வளர்த்தது. 1999 மே மாதம் பெர்க்லியில் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு இதே வேலைக்கான பாயிங்க் மென்பொருள் வந்தது.

ஆனால் கணினி சும்மா கிடக்கிறதா என்று அறிவதில் லினக்ஸில்தான் சிக்கல். முனையக் கோப்புகள் கடைசியாக எப்போது தொடப்பட்டன என்று பார்ப்பதே பழைய வழக்கம். முனையத்தில் தட்டச்சிய காலத்துக்கு அது போதுமாக இருந்தது. விசைப்பலகையும் மவுஸும் எக்ஸ் சாளர அமைப்பின் கைக்குப் போனபின், அந்தக் கோப்புகளில் அசைவே தெரியவில்லை. பயனர் மும்முரமாகத் தட்டச்சு செய்ய, கணினி ஓய்வில் இருப்பதாக மென்பொருள் நம்பியது. எக்ஸ் அமைப்பின் ஸ்கிரீன்சேவர் நீட்சியைக் கேட்பது மாற்றுவழி. ஆனால் தனிப் பயனர் பெயரில் பின்னணியில் ஓடும் பாயிங்குக்கு அந்த அனுமதி தானாகக் கிடைக்காது. எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையால் தர வேண்டும். எக்ஸுக்கு மாற்றான வேலண்ட் திரைகளில் இவ்வழியையும் நம்ப முடியாது.