பழைய குடும்பப் படங்களைக் கணினியில் சீர்செய்வது எப்படி? தொடங்குவோருக்கான எளிய வழிகாட்டி

நம் வீடுகளில் பழைய ஆல்பம் ஒன்று எங்காவது ஒரு பெட்டியில் இருக்கும். வெளிநாட்டுப் பயணத்திற்காக வாப்பா எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், ஸ்டுடியோவில் குடும்பமாக நின்று எடுத்த படம், மறைந்த பாட்டனாரின் ஒரே படம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பெரும்பாலானவற்றுக்கு இப்போது நெகட்டிவ் கிடையாது. கையில் இருக்கும் பிரதியும் மங்கி, பூஞ்சை பிடித்து, மடிப்பு விழுந்து போயிருக்கும். அதுவும் கெட்டுவிட்டால், அந்த மனிதரின் முகம் எப்படி இருந்தது என்பதை நம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட எதுவும் இருக்காது.

இத்தகைய படங்களைச் சீர்செய்ய விலை உயர்ந்த மென்பொருளோ பெரிய பயிற்சியோ தேவையில்லை. எந்த வேலையை முதலில் செய்வது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் போதும். அதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்த மென்பொருள்?

கணினி வைத்திருப்போர் கிம்ப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். முற்றிலும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். செல்போன் மட்டுமே உள்ளவர்களுக்குக் கூகுளின் ஸ்னாப்சீட் செயலி போதுமானது, அதுவும் இலவசமே. 1990ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோட்டோஷாப் இத்துறையில் பெயர் பெற்றது என்றாலும், அதற்குக் கட்டணம் உண்டு. கீழே சொல்லும் அடிப்படை வேலைகள் அனைத்தையும் இலவச மென்பொருளிலேயே செய்துவிட முடியும். மெனுக்களின் பெயர்களைக் கிம்ப்பில் உள்ளபடி தந்திருக்கிறோம்.

1. படத்தைக் கணினிக்குள் கொண்டுவருதல்

ஸ்கேனர் கண்ணாடியை மென்மையான உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் படத்தை வையுங்கள். படத்தின் மீது ஈரத்துணி படக்கூடாது, மேலடுக்கு உரிந்துவிடும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்கவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

ஸ்கேன் செய்யும்போது டிபிஐ என்றொரு எண்ணைக் கேட்கும். ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். தெளிவான பிரிண்ட் போட அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். எனவே 6×4 அங்குலப் பிரிண்ட்டுக்கு 1800×1200 பிக்சல் தேவை. 35×45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 827×1063 பிக்சல்தான் கிடைக்கும்; அது போதாது. 1200 டிபிஐ வைத்தால் 1654×2126 கிடைத்துவிடும். ஆகவே சிறிய படங்களுக்கு 1200, அஞ்சலட்டை அளவுப் படங்களுக்கு 600 என வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்வது நல்லது. பழுப்புக் கறைகளைப் பின்னர் பிரித்தறிய அது உதவும்.

ஸ்கேனர் இல்லையென்றால், ஜன்னலோர வெளிச்சத்தில் படத்தை மேசையில் வைத்து, செல்போனைப் படத்திற்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், படத்தில் வெள்ளைத் திட்டாக விழும்.

2. மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஸ்கேன் செய்த கோப்பை ‘மூலம்’ என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதன் நகலில் மட்டுமே வேலை செய்யுங்கள். இன்று நன்றாகத் தெரியும் திருத்தம் ஒரு மாதம் கழித்துத் தவறாகத் தெரியலாம். மூலம் இருந்தால் மீண்டும் தொடங்கலாம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் அதிகம் பயன்படுத்தும் ஜேபெக் கோப்பு, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் படத்தின் நுண்ணிய விவரங்களில் சிலவற்றை நீக்கிவிடும். திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மேலும் கொஞ்சம் இழப்போம். டிஃப், பிஎன்ஜி வகைகளில் இந்த இழப்பு இல்லை. ஆகவே மூலத்தை அந்த இரண்டில் ஒன்றாகவும், வேலை நடக்கும் நகலைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவும் சேமியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, பிறருக்கு அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் ஆக்கினால் போதும்.

3. நேராக்குதல், வெட்டுதல்

சாய்ந்திருக்கும் படத்தை ரொட்டேட் கருவியால் நேராக்குங்கள். சுவர், தூண், நாற்காலிக் கால் போன்ற நேர்க்கோடு ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளலாம். பிறகு க்ராப் கருவியால் ஓரங்களை வெட்டுங்கள். ஸ்டுடியோவின் முத்திரையோ தேதியோ ஓரத்தில் இருந்தால் வெட்டிவிடாதீர்கள். படம் எந்த ஊரில், எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாக இருக்கக்கூடும்.

4. வெளிச்சம்

மங்கிய படத்திற்கு உயிர் கொடுக்கும் படி இதுதான். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைத் திறந்தால் மலை போன்ற ஒரு வரைபடம் தெரியும். இடது முனையில் உள்ள 0 முழுக் கறுப்பு. வலது முனையில் உள்ள 255 முழு வெள்ளை. மங்கிய படத்தில் மலை நடுவில் மட்டும் குவிந்து, இரு பக்கமும் காலியாக இருக்கும். அதாவது படத்தில் உண்மையான கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, எல்லாமே சாம்பல்.

வரைபடத்தின் கீழே மூன்று சிறு முக்கோணங்கள் உள்ளன. இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்திற்கும், வலது முக்கோணத்தை மலை முடியும் இடத்திற்கும் நகர்த்துங்கள். முகம் இன்னும் இருட்டாக இருந்தால் நடு முக்கோணத்தைச் சற்று இடப்பக்கம் தள்ளுங்கள். மலைக்குள் வெகுதூரம் நுழைந்துவிட்டால், வெள்ளைச் சட்டையின் மடிப்புகளும் தலைமுடியின் இழைகளும் மறைந்துவிடும்.

5. நிறம்

1970களிலும் 80களிலும் எடுத்த பல கலர் படங்கள் இன்று செம்மை படர்ந்து காணப்படுவதைக் கவனித்திருப்போம். படத்தாளில் உள்ள மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பல தாள்களில் நீலப்பச்சைச் சாயம் முந்திக்கொண்டு போய்விட, சிவப்பு மேலோங்குகிறது. அதே லெவல்ஸ் பெட்டியின் மேல்பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முக்கோணங்களை மலையின் இரு ஓரத்திற்கும் கொண்டுவந்தால் பெரும்பாலும் நிறம் சீராகிவிடும். வெள்ளை வேட்டியோ தொப்பியோ படத்தில் இருந்தால் அது வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

6. கீறல்களும் புள்ளிகளும்

இதற்கு ஹீலிங் கருவி. கீறலுக்கு அருகில் பழுதில்லாத ஓரிடத்தில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கிளிக் செய்துவிட்டு, பிறகு கீறலின் மீது தேயுங்கள். சிறிய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். பின்னணிச் சுவரில் பழகிவிட்டு, பிறகு உடைக்கும், கடைசியாக முகத்திற்கும் வாருங்கள். கன்னத்து மச்சமும் நெற்றித் தழும்பும் கீறல் அல்ல. அவை அந்த மனிதருக்கு உரியவை. சந்தேகம் வந்தால் அவரை நேரில் பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள்.

7. கூர்மையும் அளவும்

ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் என்பதன் கீழ் ஷார்ப்பன் இருக்கும். எல்லாத் திருத்தமும் முடிந்த பின் இறுதியில் மட்டும், குறைவாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். உறவினர்களுக்கு முழுத் தரத்தில் போய்ச்சேர ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

எங்கே நிறுத்துவது?

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை ஒரே நொடியில் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவை படத்தில் இல்லாத விவரத்தைக் கண்டெடுப்பதில்லை. கோடிக்கணக்கான படங்களில் பயின்ற பழக்கத்தைக் கொண்டு, கண் இப்படி இருக்கலாம், பல்வரிசை இப்படி இருக்கலாம் என்று யூகித்து வரைகின்றன. விளைவு, உங்கள் பாட்டனாரைப் போன்ற வேறொருவரின் முகம். அவரைப் பார்த்தவர்கள் இருக்கும்வரை வித்தியாசம் தெரியும். அவர்களுக்குப் பின் அந்தப் புதிய முகமே அவருடைய முகம் என்று நின்றுவிடும். அப்படி ஒரு படத்தை உருவாக்கினால், அது செயற்கையாக வரையப்பட்டது என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, மூலத்தோடு கலக்காமல் வையுங்கள்.

பெயர் தெரியாத இணையதளங்களில் குடும்பப் படங்களை, குறிப்பாகப் பெண்கள், குழந்தைகளின் படங்களை ஏற்றுவதையும் தவிர்ப்போம். ஏற்றிய படம் அங்கே எவ்வளவு காலம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பது நம் கையில் இல்லை. கிம்ப்பில் செய்யும் வேலை நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

படம் சீரானதும் அதில் இருப்போரின் பெயர், உறவு, ஊர், தோராயமான ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பாக எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். மூலத்தையும் திருத்திய படத்தையும் கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ ஒன்று என இரண்டு இடங்களில் சேமியுங்கள். காகிதப் படத்தைத் தூக்கி எறிந்துவிடாமல், ஈரமில்லாத இடத்தில் காகித உறையில் பத்திரப்படுத்துங்கள்.

கீறலை இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் நீக்கலாம். படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் அதுவரை நம்மோடு இருப்பார்களா என்பது தெரியாது. ஆகவே ஸ்கேன் செய்வதையும் பெயர் எழுதுவதையும் முதலில் முடித்துவிடுவோம்.