உகிர்நீக்கம் (பூனை)

உகிர்நீக்கம் என்பது பூனையின் விரல்நுனி எலும்பை நகத்தோடு சேர்த்துத் துண்டிக்கும் சத்திரசிகிச்சை. நகம் அவ்வெலும்பிலிருந்தே வளர்வதால் இது வெறும் நகங்களைதல் அன்று, அங்கச்சேதமேயாம். ஏறுதல், தற்காத்தல், மணக்குறியிடுதல் ஆகியவற்றுக்கு நகமே சாதனமாதலின், அதனை இழந்த பிராணி நீடித்த நோவுக்கும் கடிக்கும் சுபாவத்துக்கும் ஆளாகக்கூடும். வட அமெரிக்காவில் மரச்சாமான்களைக் காக்கும்பொருட்டுப் பரவிய இவ்வழக்கத்தை, மருத்துவக் காரணம் நீங்கலாக, இஸ்ரேல் 2011இலும் நியூயார்க் மாநிலம் 2019இலும் தடைசெய்தன. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், விலங்கை அங்கஹீனப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரம் போன்ற ஊர்களில் கூரையிலும் தென்னையிலும் உலவும் பூனைக்கு இத்தீங்கு நேர ஏதுவில்லை. வீட்டினுள் அடைத்து வளர்ப்போர்க்கோ, பூனை முழுநீளம் நிமிர்ந்து கீறத்தக்க உயரத்தில் தென்னங்கயிறு இறுகச் சுற்றிய கட்டையும், உள்ளிருக்கும் ரத்தநாளத்தைத் தீண்டாமல் சில வாரங்களுக்கு ஒருமுறை நகநுனியைக் கத்தரித்தலுமே போதும்.