நடுத்தரக் குடும்பம்: சர்க்கார் போட்ட கணக்கு

சென்ற ஆனி மாதம் நம் கிளையின் கல்வி உதவிக் குழு கூடியபோது இரண்டு மனுக்கள் மிஞ்சி நின்றன. ஒன்று, புத்தூரில் பூர்வீக வீட்டில் குடியிருக்கும் அங்கத்தினருடையது. குடும்ப வருமானம் மாதம் 30,000 ரூபாய். மற்றவரும் புத்தூர்க்காரர்தான், ஆனால் உத்தியோக நிமித்தம் சென்னை மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருப்பவர், வருமானம் 42,000. நம் உச்சவரம்பு 40,000. இரண்டாவது மனு தள்ளுபடி ஆயிற்று. "எல்லோரும் மிடில் கிளாஸ்தான் ஸார், எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?" என்றார் பொருளாளர். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் பி.எஸ்ஸி.யில் ரசாயனம் படித்தவன். தராசின்மேல் சந்தேகம் வந்துவிட்டால் எடையை ஒப்புக்கொள்ள மனம் வராது. இந்தக் கோட்டை நம் தேசத்தில் யார், எப்போது, எதை வைத்துப் போட்டார்கள் என்று பழைய குறிப்புகளைப் புரட்டினேன்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கி விலைவாசி ஏறியபோது ஜி.ஐ.பி. ரயில்வே தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டார்கள். அதை விசாரிக்க 1940-இல் பி.என். ராவ் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைந்தது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராக இருந்தாரே, அதே ராவ்தான். ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவை முறையாகக் கணக்கெடுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது இந்த விசாரணைக்குப் பிறகுதான். அடுத்து, ஸர் எஸ். வரதாச்சாரியார் தலைமையிலான முதல் சம்பளக் கமிஷன் 1947-இல், கடைநிலை ஊழியருக்குச் சம்பளம் 30, பஞ்சப்படி 25, ஆக 55 ரூபாய் என்று நிர்ணயித்தது.

நமக்கு முக்கியமானது 1958-59. மத்தியப் புள்ளியியல் நிறுவனம் அந்த வருஷம் 45 நகரங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதற்கு வைத்த பெயரே 'நடுத்தர வர்க்கக் குடும்ப வாழ்க்கை ஆய்வு' என்பது. நடுத்தர வர்க்கம் யார் என்பதற்கு அவர்கள் எந்தத் தொகையையும் நிர்ணயிக்கவில்லை! விவசாயம் அல்லாத துறையில், உடலுழைப்பு அல்லாத உத்தியோகத்திலிருந்து வருமானத்தில் பாதிக்குமேல் வருகிற நகர்ப்புறக் குடும்பம் எதுவோ, அதுவே நடுத்தரக் குடும்பம். அதாவது, பேனா பிடித்துப் பிழைப்பவன். மாதம் 100 ரூபாய் வாங்கும் குமாஸ்தாவும் 500 ரூபாய் வாங்கும் அதிகாரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இதிலிருந்து பிறந்ததுதான் 'நகர்ப்புற உடலுழைப்பல்லாத ஊழியர் விலைக் குறியீட்டு எண்'. 1982-83-இல் மறுபடி கணக்கெடுத்தபோது 59 நகரங்கள் ஆயின. புத்தூர் இரண்டு பட்டியலிலும் கிடையாது. எங்கள் அகத்தில் காபிக்கொட்டை என்ன விலைக்கு வாங்கினோம் என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை.

இந்தக் குறியீட்டு எண்ணைச் சம்பளக்காரர்கள் அறிந்ததைவிட வீடு விற்றவர்கள் அதிகம் அறிவார்கள். சொத்து விற்ற லாபத்துக்கு வருமான வரி போடும்போது, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டச் சட்டம் பல காலம் இதைத்தான் ஆதாரமாக வைத்திருந்தது. 2011-இல் நகரம், கிராமம் என்ற புதிய குறியீட்டு எண்கள் வந்தபின் இது வழக்கொழிந்தது. 2014-இல் வரிச் சட்டத்திலிருந்தும் பெயர் நீங்கியது. நடுத்தர வர்க்கத்துக்கென்று சர்க்கார் தனியாக வைத்திருந்த ஒரே தராசு அதோடு போயிற்று.

சரி, ஊருக்கு ஊர் செலவு வேறுபடுகிறதே, அதற்கு என்ன செய்தார்கள்? வீட்டு வாடகைப்படி கொடுத்தார்கள். ஆனால் ஊரை வகைப்படுத்தியது விலையை வைத்து அல்ல, ஜனத்தொகையை வைத்து. ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் 50 லட்சம் ஜனங்களுக்கு மேற்பட்ட நகரம் ஏ-1, அங்கே 30 சதவீதம். திருப்பதி 'சி' வகை, ஏழரை சதவீதம். 50,000-க்குக் கீழே இருந்த எங்கள் புத்தூர் போன்றவை 'வகைப்படுத்தப்படாத ஊர்கள்', 5 சதவீதம். இப்போது எக்ஸ், ஒய், இஸட் என்று மூன்றே வகை. 2024 ஜனவரி முதல் முறையே 30, 20, 10 சதவீதம். 5 லட்சத்துக்குக் கீழ் எல்லாம் இஸட். புத்தூருக்கும் திருப்பதிக்கும் ஒரே படி! பிரும்மோற்சவ ஊரில் வாடகை என்ன விற்கிறது என்பதை ஜனத்தொகைக் கணக்கு அறியாது.

1980களில் எனக்குத் திருப்பதியிலிருந்து சென்னைக்கு மாற்றலாயிற்று. பதவி அதே, அடிப்படைச் சம்பளம் அதே. திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷன். கிணற்றடி நாலு குடித்தனத்துக்குப் பொது. கூடுதலாக வந்த வாடகைப்படி முன்பணத்தின் வட்டிக்கே சரியாயிற்று. திருப்பதியில் கொலு வைத்து ஊரையே கூப்பிட்ட என் மனைவி, சென்னையில் முதல் வருஷம் படி கட்ட இடமில்லாமல் டிரங்குப் பெட்டியின்மேல் மூன்று பொம்மைகளை வைத்தாள்.

ஜெர்மானியப் புள்ளியியலாளர் எங்கெல் 1857-இல் ஒரு விதி சொன்னார்: வருமானம் ஏற ஏறச் சாப்பாட்டுக்குச் செல்லும் பங்கு குறையும். நம் தொழிலாளர் விலைக் குறியீட்டிலும் உணவின் பங்கு 1960 வரிசையில் 60.9 சதவீதமாக இருந்து 2016 வரிசையில் 39.2 ஆகிவிட்டது. அதே குறியீட்டில் வீட்டுச் செலவின் பங்கோ 1982-இல் 8.67, 2016-இல் 16.87. துவரம்பருப்பும் காஸ் சிலிண்டரும் காலேஜ் ஃபீஸும் எங்கும் ஏறத்தாழ ஒரே விலைதான். ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்குமாக மாறுவது வாடகை. (புத்தூரில் எல்லாமே சௌகர்யம் என்று நினைக்க வேண்டாம். இருதய வைத்தியத்துக்குத் திருப்பதிக்கு ஓட வேண்டும். எலும்பு முறிந்தால் மட்டும் சென்னைக்காரர்கள் 'புத்தூர்க் கட்டு'க்கு எங்கள் ஊர் வருவார்கள்!)

2019-இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு வந்தபோதும் இதே கதைதான். வீட்டுமனை விஷயத்தில் நகராட்சிப் பகுதியில் 100 சதுர கஜம், மற்ற இடங்களில் 200 என்று ஊரைப் பார்த்து விதி செய்தார்கள். வருமானத்துக்கு மட்டும் மும்பைக்கும் புத்தூருக்கும் ஒரே 8 லட்சம். 2021-இல் அமைத்த மூவர் குழுவும் அதை மாற்றவில்லை. சர்க்காருக்கே முடியாததை நம் குழு செய்யவில்லை என்று குறை சொல்வது தகாதுதான்.

இருந்தாலும் அன்று கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாம்பலத்தாரின் வாடகை 16,000. அது போகக் கையில் நிற்பது 26,000. புத்தூர்க்காரருக்கு 30,000 முழுசாக நிற்கிறது. மனுப் படிவத்தில் 'மாத வாடகை' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமென்று ஐப்பசிக் கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீதை யார் சரிபார்ப்பது என்று பொருளாளர் ஆட்சேபிக்கிறார். அதற்கும் பதில் யோசிக்க வேண்டும். மாம்பலத்துப் பையனின் காலேஜ் கெடு ஆடியிலேயே முடிந்துவிட்டது. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை வைத்துப் பணம் கட்டினார்களாம்.