கொப்புள இலையின் குடும்பம்

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர். இலையைத் திருப்பிப் பார்த்து, "கொப்புளம் விழுந்திருக்குய்யா" என்பார். மேலே சின்னக் குழி, அடியில் வெள்ளைப் பூச்சாக ஒரு வீக்கம். அவருக்கு அது போதும். எஞ்சினியரிங் படித்த எனக்குத்தான் முழுப் பெயர் வேண்டியிருந்தது.

எக்சோபசிடியம் வெக்சான்ஸ். 1868லேயே அசாம் தோட்டக்காரர்கள் இந்த நோயைக் கண்டிருந்தார்கள். லண்டன் கியூ தோட்டத்தின் பூஞ்சை நிபுணர் ஜார்ஜ் மாசி 1898இல் பெயர் வைத்தார். வெக்சான்ஸ் என்றால் லத்தீனில் தொல்லை தருவது. மனுஷன் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

பேரினப் பெயர் அதைவிடப் பழசு. 1867இல் ரஷ்யரான வொரோனின் வைத்தது. காளானைக் கவிழ்த்தால் அடியில் மடிப்புகள் தெரியும். அதன் வித்துகளைத் தாங்கும் நுண்ணிய காம்புகள் அங்கேதான் இருக்கின்றன. எக்சோபசிடியத்துக்குக் குடையும் இல்லை, மடிப்பும் இல்லை. காம்புகள் இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு நேராக வெளியே நிற்கும். 'எக்சோ' என்றால் வெளியே. காம்பு காளானுடையதைப் போல இருந்ததால் நெடுங்காலம் காளான்களின் பக்கத்தில்தான் இதை வைத்திருந்தார்கள். பிறகு மரபணு ஆய்வு வந்து, இதன் உறவுக்காரர்கள் சோளக் கதிரைக் கறுப்பாக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சைகள் என்று காட்டியது. பெயர் அப்படியே நிற்க, குடும்பம் மாறிவிட்டது.

1929இல் போ தோட்டம் தொடங்கியபோது இந்தக் கவலை இங்கே இல்லை. 1946இல் கொப்புளம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமத்ரா, மலாயா, ஜாவா. வித்து காற்றில் போகும். வெயில் பட்டால் செத்துவிடும், மூட்டம் என்றால் கொண்டாட்டம். கேமரன் மலையில் மூட்டத்துக்கா பஞ்சம்? செம்பு மருந்து தெளித்துத்தான் சமாளித்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்தப் பூஞ்சை முற்றிய இலையைத் தொடாது. அதற்கு வேண்டியது இளந்தளிர், அதாவது பாட்டி கிள்ளிய அதே ரெண்டு இலையும் ஒரு மொட்டும். வித்து விழுந்து, கொப்புளம் வெடித்து, அடுத்த வித்து பறக்கச் சுமார் மூன்று வாரம் ஆகும். கிள்ளும் சுற்று ஏழு, பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் நோய் பிடித்த தளிர் பல நேரம் வெடிப்பதற்கு முன்பே கூடைக்குப் போய்விடும். மருந்தோடு சேர்ந்து நோயை அடக்கியது அந்த விரல்களும்தான். ஆனால் அவர்களுக்கு எழுதப்பட்ட கணக்கு கிலோ கணக்கு மட்டும்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "வெள்ளையா வெடிச்சத கூடையில போட்டா கங்காணி ஏசுவான். நாங்க மொதல்லயே கிள்ளிடுவோம்" என்றார்.