மதராஸ் நேரம்

மதராஸ் நேரம்: சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் கணிக்கப்பட்ட நேரமுறை. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தபின் வழக்கொழிந்தது. கணினிகளின் நேர மண்டல அட்டவணையில் மட்டும் நீடிக்கிறது.

தோற்றம்

1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வகம் நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றதும், மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் சுமார் 15 அடி உயரம், 10 டன் எடை கொண்டது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருவோரும் அறியட்டும் என்று தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்தனர். கட்டடம் மறைந்துவிட்டது, தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

1802இல் ஜான் கோல்டிங்காம் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை 80°18′30″ என்று கணித்தார். இதன்படி மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. இன்றைய அளவீட்டில் அவ்விடம் ஏறத்தாழ 80°14′46″. அவர் கணிப்பு நேர அளவில் சுமார் 15 வினாடி மிகை. இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி முழங்கி நேரம் அறிவித்ததாகச் சொல்வர்.

ரயிலும் நேரமும்

பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவே அமைந்ததால் ரயில்வே இந்நேரத்தைத் தேர்ந்தது. எந்த ஆண்டு முதல் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1862இல் மதராஸ் ரயில்வே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பட்டாம்பி சென்றது. பாலக்காட்டில் சூரியன் உச்சிக்கு வருவது சென்னையைவிட சுமார் 14 நிமிடம் பிந்தியே. இன்றைய திட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் அவ்வூர்ச் சூரியன் சுமார் 23 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒரு நாழிகை, பிந்துகிறது; மூணாறில் அது சுமார் 22 நிமிடம்.

1906க்குப் பிறகும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தம் சொந்த நேரத்தை விடவில்லை.

கணினியில்

இயங்குதளத்தின் கருவகம் (கர்னல்) நேர மண்டலங்களைப் பொருட்படுத்தாமல், 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளையே எண்ணுகிறது. அதை உள்ளூர் நேரமாக்குவது மண்டல அட்டவணை. அதன் ‘ஆசியா/கொல்கத்தா’ பதிவில் 1870 முதல் 1905 வரை மதராஸ் நேரமே உள்ளது; அளவு 5:21:10. கோல்டிங்காமின் கணக்குக்கு 4 வினாடி குறைவு. எது வழக்கில் இருந்தது என்பது தெளிவில்லை.

இதனால் 1900 ஜனவரி 1 போன்ற பழைய தேதிகள் சில மென்பொருள்களில் 8 நிமிடம் 50 வினாடி பிசகித் தெரியும். பிழை கருவகக் கடிகாரத்தில் இல்லாததால் அதைத் திருத்திப் பயனில்லை. பிறந்த நாள் போன்றவற்றை நேரமின்றி, தேதியாக மட்டும் சேமிப்பதே தீர்வு.

இன்று திட்ட நேரத்தைப் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு பேணுகிறது.