தண்டவாளம் போனால் போகட்டும்

நாட்றம்பள்ளியில் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நின்றால், வெளியூர்க்காரர் யாராவது இப்படிக் கேட்பார்: "பக்கத்துல ஜோலார்பேட்டை, எவ்ளோ பெரிய ஜங்ஷன்! கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாதா?"

கிடையாது. ஆனால், இருந்தது.

1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் புறப்பட்டது. சுமார் 25 மைல் தூரம். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி வெறும் 2 அடி 6 அங்குலம். அடுத்த வருஷமே மொரப்பூர் - தருமபுரிக்கு இதே மாதிரி இன்னொன்று. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது.

வெள்ளைக்காரனுக்கு இந்தக் கரட்டுப் பக்கம் திடீரென்று என்ன கரிசனம்? பயம்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். மெயின் லைனில் தானியம் வந்து இறங்கினாலும், அங்கிருந்து உள்ளே கொண்டுபோக வண்டியில்லை. வண்டி இருந்தால் மாட்டுக்குத் தீனியில்லை. 'வறண்ட ஜில்லாக்களுக்குள் ரயிலைக் கொண்டுபோ' என்று 1880-ல் பஞ்சக் கமிஷன் சொன்னது. அந்தக் கணக்கில் வந்தவைதான் இந்தக் குட்டி ரயில்கள். லாபத்துக்காகப் போட்டதில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிரீமியம் கட்டுகிறவனுக்கு வருகிற சலிப்பு சர்க்காருக்கும் வந்தது. பஸ் முளைத்தது. ரயில் ஸ்டேஷனில் நிற்கும், பஸ்ஸோ கைகாட்டிய இடத்தில் நிற்கும். ஜனங்கள் எதில் ஏறுவார்கள்? போதாக்குறைக்கு இரண்டாம் உலகப் போர். இரும்புக்கு ஏகக் கிராக்கி. நஷ்டத்தில் ஓடிய சின்ன லைன்களை இந்தியா முழுக்கத் தேடிப் பிடித்துப் பிடுங்கினார்கள். போர் முடிவதற்குள் நம் இரண்டு லைன்களும் காலி.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். இரும்புக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. ரயில் கம்பெனியின் உண்மையான சொத்து தண்டவாளம் அல்ல. 25 மைலுக்கு அறுபடாமல், சமதளமாக, ஒரே கையில் இருக்கிற அந்த நிலம்தான். அதைத் துண்டு துண்டாக விட்டுவிட்டால், திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நம்பிக்கை இல்லையா? மொரப்பூர் - தருமபுரியையே பாருங்கள். 1906-ல் ரயில் ஓடிய அதே இரண்டு ஊர்களை இணைக்க, 36 கி.மீ. புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். முதல் முட்டுக்கட்டை என்ன தெரியுமா? நிலம் கையகப்படுத்துவது! மதுரை - போடி கதை வேறு. அங்கேயும் போரின்போது தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். ஆனால் 1950-களில் மறுபடி போட்டுவிட்டார்கள். பிறகு அகலப் பாதையாக மாறி, 2023-ல் சென்னையிலிருந்தே போடிக்கு ரயில் போனது.

சரி, ரயில் வரும்வரை அந்த நிலத்தை யார் காப்பது? வேலி போட்டால் போதுமா? நம் ஊரில் வேலியே நிலத்தை மேயும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1916 வாக்கில் அங்கே இரண்டரை லட்சம் மைல் ரயில் பாதை இருந்தது. காரும் லாரியும் வந்ததும் கம்பெனிகள் ஒவ்வொரு லைனாகக் கைவிட்டன. விஸ்கான்சின் மாநிலம் மட்டும் 1965-ல் எல்ராய் - ஸ்பார்ட்டா என்ற செத்துப்போன லைனை விலைக்கு வாங்கியது. 51 கி.மீ., மூன்று குகைகள். 1967-ல் அது சைக்கிள் பாதையானது. ரயிலால் ஏற முடியாத மேட்டில் யாரும் ரயில் பாதை போடுவதில்லை. அதனால் அறுபது வயசுக்காரரும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். இன்று அந்த நாட்டில் இப்படி 40,000 கி.மீ.க்கு மேல் பாதைகள்.

1983-ல் ஒரு சட்டமே போட்டார்கள். பெயர், 'ரயில் பேங்கிங்'. ரயில் தேவைப்படும்வரை நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பாதையை அனுபவிக்கலாம். ரயில் வந்தால் திருப்பித் தர வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட்! நடக்கிற ஜனம்தான் வாட்ச்மேன். பக்கத்து நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 1990-ல் சுப்ரீம் கோர்ட், சட்டம் செல்லும், ஆனால் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்றது.

அமெரிக்காவில் இடம் கொட்டிக்கிடக்கிறது என்கிறீர்களா? அப்படியானால் சிங்கப்பூருக்கு வாருங்கள். அங்கே நிலம் தங்கத்துக்குச் சமம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை தீவின் குறுக்கே ஓடிய ரயில் மலேசியாவுக்குச் சொந்தம். 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. அடுக்குமாடி கட்டினால் கோடி கோடியாகக் கொட்டும். ஆனால் முந்தைய வருஷமே அங்குள்ள இயற்கைச் சங்கம், 'பாதையை அறுக்காதீர்கள்' என்று யோசனை கொடுத்திருந்தது. அரசு கேட்டுக்கொண்டது. தண்டவாளம் போய்விட்டது, புக்கிட் தீமா ஸ்டேஷனும் இரும்புப் பாலங்களும் நின்றன. 24 கி.மீ. இன்று நடைக்கும் சைக்கிளுக்கும்.

அந்தப் பாதையில் நம் ஆட்களின் வியர்வையும் இருக்கிறது. குவீன்ஸ்டவுனில் உள்ள முனீஸ்வரன் கோயில், 1932-ல் ரயில்வே தொழிலாளிகள் கும்பிட ஆரம்பித்த சின்னச் சந்நிதியிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சைக்கிளை மிதித்து வேலைக்குப் போகிறவருக்கு, லாரிகள் பறக்கும் ரோட்டை விட்டால் வேறு வழி ஏது? அவருக்குத் தனிப் பாதை என்பது பொழுதுபோக்கு இல்லை, உயிர்ப் பிரச்னை. லைன் மாற்றும்போதும், வளைவை நேராக்கும்போதும் ரயில்வே பழைய பாதைத் துண்டுகளை விட்டுவிட்டு நகர்கிறது. அவற்றை ஏலத்தில் கூறுபோடுவதற்கு முன், நடக்கிறவர்களிடம் குத்தகைக்கு விட்டுப் பார்க்கலாம்.

கிருஷ்ணகிரி 2004-லேயே மாவட்டத் தலைநகராகிவிட்டது. 1905-ல் அந்த ஊருக்கு இருந்த ரயில் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. அன்று இரும்பை எடை போட்டவர்கள், நிலத்தை எடை போட மறந்தார்கள்.